தண்டவாளத் தாளம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

இரும்போடு இரும்பு மோதினால் எழுவது ஓசை. அவ்வோசை இசையாகுமா? ‘ஆகாது’ என்றுதான் சென்ற ஆண்டு வரை நானும் எண்ணியிருந்தேன். நாதசுரமும் தவிலும் கேட்டு வளர்ந்த செவிக்கு, இயந்திர இரைச்சலை இசையென்று ஒப்புக்கொள்வது எளிதன்று. என் எண்ணத்தை அசைத்துப் பார்த்தது, ஜெர்மனி நாட்டு இசைக்குழு ஒன்று 1977-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ட்ரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்’ என்னும் இசைத்தட்டு. அதில் ஓர் இரயில் ஓடுகிறது. அந்த இரயில் உண்மையான இரயில்தானா என்ற ஐயத்திலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

விடுதி நண்பன் ஒருவனின் கைப்பேசியில் அதை முதன்முதலாகக் கேட்டேன். அறையிலிருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். “பாட்டு எங்கேடா? மிஷின்தானே ஓடுது!” என்றான் ஒருவன். எனக்கும் விடை சொல்லத் தெரியவில்லை. விடுமுறையில் ஊருக்குப் போனபோது அதே பாட்டை என் தந்தையாருக்குப் போட்டுக் காட்டினேன். அவர் இருப்புப்பாதைப் பிரிவில் கீமேன். நாள்தோறும் சுத்தியலும் ஸ்பானருமாகத் தண்டவாளத்தின் மீது நடப்பவர். மேனாட்டு இசை அவருக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் கேட்டுவிட்டு, “இது எந்த ஊரு லைனுடா? ஜாயிண்டு அடிக்குது. இப்ப எல்லாம் வெல்டிங் பண்ணின லைனு. ஃபிஷ் பிளேட்டு இருந்தாத்தானே இந்தச் சத்தம் வரும்?” என்றார்.

நான் கேட்கத் தவறிய கேள்வி அது. அதற்கு விடை காண, முதலில் அக்குழுவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

குழுவின் பெயர் கிராஃப்ட்வெர்க். ஜெர்மன் மொழியில் மின் உற்பத்தி நிலையம் என்று பொருள். ரால்ஃப் ஹூட்டர், ஃப்ளோரியான் ஷ்னைடர் என்ற இரு நண்பர்கள் 1970-இல் டுசெல்டார்ஃப் நகரில் இதைத் தொடங்கினர். கார்ல் பார்ட்டோஸ், வொல்ஃப்காங் ஃப்ளூர் இருவரும் பின்னர் சேர்ந்துகொண்டனர். கிட்டாரை ஒதுக்கிவிட்டு, மின்னணுக் கருவிகளைக் கொண்டே முழு இசையையும் அமைப்பது இவர்கள் வழி. ‘கிளிங் கிளாங்’ என்று தாங்களே பெயரிட்ட கூடத்தில் வேலை செய்தார்கள். 1974-இல் ‘ஆட்டோபான்’ என்ற இசைத்தட்டில் நெடுஞ்சாலைக் கார்ப் பயணம் ஒன்றை இருபத்திரண்டு நிமிடங்களுக்கு மேல் இசையாக ஓட்டிக் காட்டினார்கள். காரை முடித்தவர்கள் அடுத்து இரயிலுக்கு வந்தார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்ட இரயிலும் சாதாரணமானதன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்து பன்னிரண்டே ஆண்டுகளில், அதாவது 1957 ஜூன் 2-ஆம் நாள், ‘ட்ரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரில் பன்னாட்டு விரைவு வண்டிகள் ஓடத் தொடங்கின. போரில் ஒன்றையொன்று அழித்துக்கொண்ட நாடுகள் சேர்ந்து ஒரே பெயரில் வண்டி விட்டன. நெதர்லாந்து இரயில்வேயின் தலைவராக இருந்த டென் ஹாலண்டர் இத்திட்டத்தை முன்மொழிந்தவர். முதல் வகுப்புப் பெட்டிகள் மட்டும். அதற்கும் மேலே தனிக் கட்டணம். எல்லையில் வண்டியை நிறுத்திப் பயணிகளை இறக்கிச் சோதிப்பதில்லை. கடவுச்சீட்டையும் சுங்கத்தையும் ஓடும் வண்டிக்குள்ளேயே பார்த்துவிடுவார்கள். ஒவ்வொரு நாட்டிலும் மின்சார முறை வேறு வேறாக இருந்ததால் தொடக்கத்தில் டீசல் வண்டிகளையே பயன்படுத்தினார்கள். பணக்காரர் வண்டிதான், ஐயமில்லை. நாமெல்லாம் அதில் ஏறியிருக்க முடியாது. ஆயினும் எல்லைகள் கரைந்துவரும் ஐரோப்பாவுக்கு அவ்வண்டி ஓர் அடையாளமாக விளங்கியது. பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஒருவர்தான், ‘உங்கள் இசைக்கு ஏற்ற பொருள் இந்த வண்டி’ என்று குழுவினருக்கு எடுத்துச் சொன்னதாகக் கூறுவர்.

இசைத்தட்டிலுள்ள எல்லாப் பாடல்களும் இரயிலைப் பற்றியவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதற் பக்கம் எல்லையற்ற ஐரோப்பாவைப் பாடித் தொடங்கி, கண்ணாடி மாளிகைக்கும், கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகளுக்கும் போய்விடுகிறது. இரண்டாம் பக்கத்தில்தான் வண்டி கிளம்புகிறது. தலைப்புப் பாடலும், அதைத் தொடரும் ‘மெட்டல் ஆன் மெட்டல்’ என்ற பகுதியும் இடைவெளியின்றி 13 நிமிடங்களுக்கு மேல் ஓடுகின்றன. சொற்கள் மிகக் குறைவு. பாரிசிலிருந்து புறப்பட்டு, வியன்னாவின் நள்ளிரவுச் சிற்றுண்டிச் சாலையைத் தொட்டு, சொந்த ஊரான டுசெல்டார்ஃபுக்குத் திரும்பி, அங்கே இக்கி பாப், டேவிட் போவி என்னும் இரு பாடகர்களைச் சந்திப்பதோடு கதை முடிந்துவிடுகிறது. மீதியெல்லாம் சக்கரமும் தண்டவாளமும்தான்.

இனி, என் தந்தையார் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். இரயிலின் ‘தடக் தடக்’ எங்கிருந்து வருகிறது? வெப்பத்தால் இரும்பு நீளும் என்பது நாம் பள்ளியில் படித்தது. 13 மீட்டர் நீளமுள்ள தண்டவாளம், வெப்பநிலை 40 பாகை உயர்ந்தால், ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளும். அந்த நீட்சிக்கு இடம் கொடுக்கவே, இரண்டு தண்டவாளங்கள் சேருமிடத்தில் சிறு இடைவெளி விட்டு, ஃபிஷ் பிளேட் என்ற பட்டையால் இணைப்பார்கள். சக்கரம் அந்த இடைவெளியைக் கடக்கும்போது ஓர் அடி விழுகிறது. ஒரு சக்கர அச்சுக்கு ஓர் அடி.

ஆனால் அடிகள் ஒரே சீராக விழுவதில்லை. இதைத்தான் நான் காகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்தேன். ஐரோப்பிய விரைவு வண்டிப் பெட்டி ஒன்றின் நீளம் 26.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் இரு போகிகளின் நடுப்புள்ளிகளுக்கிடையே 19 மீட்டர். ஒவ்வொரு போகியிலும் இரண்டு அச்சுகள், அவற்றுக்கிடையே 2.5 மீட்டர். ஓர் இணைப்பின் அருகே நாம் நின்றுகொண்டிருக்கிறோம். வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 27.8 மீட்டர் வீதம் கடக்கிறது. ஒரு பெட்டியின் பின் போகியிலுள்ள இரண்டு அச்சுகளும் 0.09 நொடி இடைவெளியில் இரண்டு அடி கொடுக்கின்றன. அடுத்த பெட்டியின் முன் போகி வருவதற்கு 0.18 நொடி. அதன் இரண்டு அடிகளுக்கிடையே மீண்டும் 0.09 நொடி. பிறகு பெட்டியின் நடுப்பகுதி முழுவதும் ஓசையின்றிக் கடந்து போக 0.59 நொடி. மொத்தம் 0.95 நொடிக்கு ஒருமுறை, ‘தக – தக’ என்று நான்கு அடியும் ஒரு நீண்ட மௌனமும் திரும்பத் திரும்ப வருகின்றன.

இவ்விடைவெளிகளின் விகிதம் 1 : 2 : 1 : 6.6. இதில் வியப்பு என்னவென்றால், வண்டியின் வேகம் எவ்வளவானாலும் இவ்விகிதம் மாறாது. வேகம் கூடினால் காலப்பிரமாணம் மாறும், நடை மாறாது. அந்த நடை பெட்டியின் உடலமைப்பிலேயே செதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது! இரயிலுக்கு லயஞானம் உண்டு என்று கவிஞர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது.

மீதிப் பாதி, கூட்டிப் பார்த்தால் தெரியும். 1, 2, 1, 6.6 ஆகியவற்றின் கூடுதல் 10.6. எந்தத் தாளத்துக்கும் இது அடங்காது. கடைசி மௌனம் மட்டும் நான்காக இருந்திருந்தால் மொத்தம் எட்டாகி, ஆதி தாளத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். இருப்பதோ ஆறேமுக்காலுக்குச் சற்றுக் குறைவு. இதற்குக் கை தட்ட முயன்று பாருங்கள்; மூன்றாவது சுற்றில் தடுமாறுவீர்கள். நான் தடுமாறினேன்.

கிராஃப்ட்வெர்க் குழுவினருக்கும் இதே தடுமாற்றம் நேர்ந்தது. இரயில் பாலங்களுக்கு அருகே போய் நின்று, வண்டிகள் கடக்கும் ஓசையைக் கேட்டார்கள் என்றும், உள்ளபடியே அது ஆட்டத்துக்கு ஒத்துவரவில்லை, ஆகவே சிறிது மாற்ற வேண்டியதாயிற்று என்றும் கார்ல் பார்ட்டோஸ் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அவர்கள் காதால் கண்டதைத்தானே நான் பென்சிலால் கண்டேன்!

மாற்றியது எப்படி? பதிவு செய்த இரயில் ஓசையை ஒட்டவைப்பதை விட்டு, மின்னணு முறையில் புதிதாக ஒன்றை ஆக்கிக்கொண்டார்கள். எல்லா அதிர்வெண்களும் சம அளவில் கலந்த ஓசைக்கு ‘வெள்ளை இரைச்சல்’ என்று பெயர். மழைச் சத்தம் போலிருக்கும். அதை வடிகட்டி வழியாகச் செலுத்தி, வேண்டாத அதிர்வெண்களை நீக்கி, ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் எழுந்து அடங்குமாறு செய்தால் ‘ச்’ என்ற ஓர் அடி கிடைக்கும். அவ்வடியைத் தாங்கள் விரும்பிய இடங்களில் மட்டும், பிசகாமல், எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்யும் கருவிக்குச் ‘சீக்வென்சர்’ என்று பெயர். மாற்றியது சிறிதளவுதான், ஆனால் அந்தச் சிறிதளவில்தான் ஓசைக்கும் இசைக்குமுள்ள வேறுபாடு முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

தந்தையார் சொன்னதிலும் பேருண்மை இருந்தது. அந்த ஆண்டுகளில் மேற்கு ஐரோப்பாவின் முதன்மைப் பாதைகள் பெரும்பாலும் தொடர் தண்டவாளங்களாகப் பற்றவைக்கப்பட்டுவிட்டன. நீள முயலும் இரும்பைக் கட்டைகளும் ஜல்லியும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், இடைவெளி தேவையில்லை. ஆகவே அந்த உயர்வகுப்பு வண்டியில் சாய்ந்தமர்ந்து சென்ற பயணிக்கு, ‘தடக் தடக்’ பெரும்பாலும் கேட்டிருக்காது. மெல்லிய ரீங்காரமே கேட்டிருக்கும். குழுவினர் பாலத்தைத் தேடிப் போனதன் காரணம் இதுவாகவும் இருக்கலாம். இரும்புப் பாலம் ஒரு பெரிய மத்தளம் போல ஓசையைப் பெருக்கிக் காட்டுமல்லவா? இசைத்தட்டில் நாம் கேட்பது, அந்த வண்டி உண்மையில் எழுப்பிய ஓசையன்று. இரயில் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நம் நினைவு வைத்திருக்கும் ஓசை.

இரயிலும் இசையும் சேர்ந்த கதை இயற்பியலில் இன்னும் பழையது. ஒலியெழுப்பும் பொருள் நம்மை நோக்கி வரும்போது சுருதி உயர்ந்தும், விலகிச் செல்லும்போது தாழ்ந்தும் கேட்கும் என்ற டாப்ளர் விளைவை வகுப்பில் படித்திருக்கிறோம். டாப்ளர் தம் கருத்தை 1842-இல் வெளியிட்டார். அதைச் சோதித்துப் பார்க்க, 1845-இல் பைஸ் பாலட் என்ற டச்சு அறிஞர், யூட்ரெக்ட் நகருக்கருகே ஓர் இரயிலின் திறந்த பெட்டியில் ஊதுகுழல் கலைஞர்களை ஏற்றினார்! அவர்கள் ஒரே சுரத்தை ஊதிக்கொண்டே செல்ல, சுருதி ஞானமுள்ள இசைவாணர்கள் பாதையோரம் நின்று கேட்டுக் குறித்தார்கள். பிப்ரவரியில் முதலில் முயன்றபோது பனியும் குளிரும் கெடுத்துவிட, ஜூனில் மீண்டும் செய்து வெற்றி கண்டார். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும் வண்டியின் ஊதல், நம்மைத் தாண்டும் கணத்தில் ஏறத்தாழ சாதாரண காந்தாரத்திலிருந்து சட்ஜத்துக்கு இறங்கிவிடும் என்று கணக்குச் சொல்கிறது. ‘ஆட்டோபான்’ இசைத்தட்டில் கார்கள் விரைந்து கடக்கும் இடங்களில் இந்தச் சரிவை நன்றாகக் கேட்கலாம்.

இரயிலை இசையாக்க முயன்றவர்களில் கிராஃப்ட்வெர்க் முதல்வரும் அல்லர். ஆர்தர் ஹோனெகர் 1923-இல் ‘பசிபிக் 231’ என்று நீராவி எஞ்சினை வாத்தியக் குழுவுக்குள் கொண்டுவந்தார். அமெரிக்கக் கறுப்பர் இசைமேதை டியூக் எலிங்டன் 1933-இல் ‘டேபிரேக் எக்ஸ்பிரஸ்’ அமைத்தார். 1948-இல் பாரிசில் பியர் ஷேஃபர், இரயில் நிலையத்தில் பதிவு செய்த ஓசைகளை மட்டுமே வெட்டி ஒட்டி ஒரு படைப்பைத் தந்தார். மூன்று பேருக்கும் மூன்று வழி. ஷேஃபரின் படைப்பையும் கேட்டேன். மதிப்பு உண்டாகிறது, இரண்டாம் முறை கேட்கும் ஆசை எனக்கு உண்டாகவில்லை.

ஒரு கேள்வி மட்டும் என்னை விடாது வருத்தியது. ஜெர்மனியில் இரயில் என்றால் வேறொரு நினைவும் உண்டல்லவா? ஹிட்லர் ஆட்சியில் இலட்சக்கணக்கான யூத மக்கள் சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கொலை முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டது அந்நாட்டு இருப்புப்பாதைகளின் வழியேதான். ஹூட்டர் 1946-இலும் ஷ்னைடர் 1947-இலும் பிறந்தவர்கள். போரைச் செய்த தலைமுறையின் பிள்ளைகள். இவ்வளவு அழகான ஜெர்மன் இரயில் பாட்டில் அதைப்பற்றி ஒரு சொல் கூட இல்லையே? அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1988-இல் ‘டிஃபரண்ட் ட்ரெயின்ஸ்’ என்ற படைப்பில் அந்த மௌனத்தை உடைத்தார். பெற்றோர் பிரிந்ததால் சிறுவயதில், 1939 முதல் 1942 வரை, நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சலிசுக்கும் இடையே இரயிலில் போய்வந்தவர் அவர். தாம் ஐரோப்பாவில் பிறந்த யூதச் சிறுவனாக இருந்திருந்தால் எந்த இரயிலில் ஏற்றப்பட்டிருப்போம் என்று எண்ணிப் பார்த்து, முகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்களின் பேச்சுக் குரலையே இராகமாக்கினார். அதைக் கேட்டுவிட்டு மீண்டும் கிராஃப்ட்வெர்க்கைக் கேட்டால், எல்லைகளைத் தாண்டி ஓடும் அந்த வண்டியின் அமைதி எனக்கு வேறுவிதமாகப் படுகிறது. குறை என்று சொல்லவும் மனம் வரவில்லை. குறையே இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

“மிஷின்தானே ஓடுது” என்ற நண்பனுக்கு நான் பிறகு சொன்ன விடை இது. டுசெல்டார்ஃபில் கோட்டும் டையும் அணிந்த நான்கு வெள்ளையர் செய்த இவ்விசை, நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தது. வறுமையும் தீவிபத்துகளும் சூறையாடிய பகுதி அது. அங்கே கறுப்பின இளைஞர்களும் போர்ட்டோ ரிக்கோ இளைஞர்களும் தெருவோரக் கொண்டாட்டங்களில் இதைப் போட்டு ஆடினார்கள். 1982-இல் ஆஃப்ரிக்கா பம்பாட்டா தம் குழுவினருடன் வெளியிட்ட ‘பிளானட் ராக்’ பாடலில், ‘ட்ரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்’ மெட்டு மீண்டும் வாசிக்கப்பட்டது. தாளம், கிராஃப்ட்வெர்க்கின் 1981-ஆம் ஆண்டுப் பாடலான ‘நம்பர்ஸ்’ வழியில் அமைந்தது. மின்னணுத் தாளத்தில் எழுந்த ஹிப்-ஹாப் இசைக்கு அப்பாடல் பெரும் வாயிலாயிற்று. முதல் வகுப்புக் கட்டணம் கொடுக்க முடியாதவர்கள் அந்த வண்டியில் ஏறிக்கொண்டார்கள்! இதயமில்லாத இயந்திரமென்றால் அவர்கள் ஏன் ஏறினார்கள்?

‘மெட்டல் ஆன் மெட்டல்’ பகுதி வேறொரு வழியில் புகழ்பெற்றது. 1997-இல் ஜெர்மன் பாடகி சப்ரினா செட்லூரின் ‘நூர் மிர்’ என்ற பாடலில், தயாரிப்பாளர் மோசஸ் பெல்ஹாம், இதிலிருந்து சுமார் இரண்டு நொடி ஓசையை எடுத்துத் தொடர் தாளமாக ஓடவிட்டார். கிராஃப்ட்வெர்க் வழக்குத் தொடுத்தது. இரண்டே நொடி! ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் ஒருமுறைக்குப் பலமுறை விசாரித்தது. 2016-இல் அரசமைப்பு நீதிமன்றம் கலைச் சுதந்திரத்தின் பக்கம் பேசியது. 2019-இல் ஐரோப்பிய நீதிமன்றமோ, எடுத்த ஓசை காதுக்கு அடையாளம் தெரியாதபடி மாற்றப்பட்டிருந்தாலொழிய உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்றது. அதன் பின்னும் ஓயாமல், 2023-இல் புதிய கேள்வியோடு வழக்கு மறுபடி ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. பாலத்தடியில் இலவசமாகக் கேட்ட ஓசையிலிருந்து தொடங்கியவர்கள், அதன் இரண்டு நொடிக்கு உரிமை கேட்டு நீதிமன்றம் ஏறியதை எண்ணிச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் 1 : 2 : 1 : 6.6 கணக்கை மீண்டும் பார்த்தபோது சிரிப்பு அடங்கியது. பாலம் கொடுத்தது ஓசையை மட்டுமே. இந்த இரண்டு நொடியை அவர்கள்தான் உழைத்துச் செய்தார்கள். அதேபோல, பிராங்க்ஸ் இளைஞர்களும் அடுத்தவர் இசைமீது உழைத்துத்தான் தங்கள் இசையைச் செய்தார்கள். நீதிபதிகளுக்கே இத்தனை ஆண்டுகள் பிடித்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்வதற்கில்லை.

அந்த வண்டிகள் 1987-இல் பெரும்பாலும் நின்றுபோய், இரண்டாம் வகுப்பும் உள்ள ‘யூரோசிட்டி’ வண்டிகள் அவற்றின் இடத்துக்கு வந்தன. ஃப்ளோரியான் ஷ்னைடர் 2020-இல் காலமானார்.

பொங்கல் விடுமுறையில் தந்தையாரிடம் என் கணக்கைக் காட்டினேன். எண்களை அவர் பார்க்கவில்லை. “பாலத்துக்குப் போயி நின்னு கேட்டாங்களா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். “அது சரியான எடந்தான். எங்க செக்சன்லயும் இப்ப அந்தச் சத்தம் ஆத்துப் பாலத்துலதான் நல்லாக் கேக்கும்” என்று சொல்லிவிட்டு, பாட்டை இன்னொரு முறை போடச் சொன்னார்.